காயம்பட்ட பன்றியும் காக்கி உடுப்பும்

காயம்பட்ட காட்டுப்பன்றியைத் தேடிப் போகிற உத்தியோகத்தில் ஒரு வசதி உண்டு, அதற்குப் போட்டியே கிடையாது. மற்ற எதற்கும் முண்டியடித்து முன்னால் வந்து நிற்கிறவர்கள்கூட, பன்றி புதருக்குள் கிடக்கிறது என்று தெரிந்ததும், "லேடீஸ் முதல்ல போங்க மேடம்" என்று வழிவிட்டு மரியாதை பண்ணுவார்கள். நான் வனத்துறையில் வனக் காப்பாளர். வாலிநோக்கம் பக்கம் கடலோரத்தில் இருந்தவரைக்கும் ஆமை முட்டைக்குக் காவல் இருந்தேன். ஆமை ஒரு நாளும் என்னைத் துரத்தியதில்லை. அபிராமம் பக்கம் மாற்றல் வந்த பிறகுதான் ஓட்டம் என்றால் என்னவென்று என் காலுக்குத் தெரிந்தது.

கட்டவிழ்த்துக்கொண்டு போன மாட்டுக்குப் பின்னால் செருப்பில்லாமல் ஓடியவர்கள், கல்யாண வீட்டுக் கூட்டத்தில் குனிந்து கம்மல் தேடியவர்கள், அடுத்தவர் செய்த வேலைக்குப் போய் நின்று பதில் சொன்னவர்கள் எல்லாரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பயிரை அழிக்கிற பன்றியைச் சுட எங்கள் துறைக்கு உத்தரவு உண்டு, அதுவும் பயிரில் நிற்கும்போது மட்டும். எங்கள் வனவர் தங்கராசு சார் அதற்கு மேல் சொந்தமாக ஒரு சட்டம் வைத்திருந்தார். சுட்டது காயத்தோடு ஓடிவிட்டால், அதைக் கண்டுபிடித்து வேதனையை முடிக்கிற வரைக்கும் இன்னொரு பன்றி மேல் துப்பாக்கியைத் தூக்கக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். மக்காச்சோளம் போட்டவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும்.

பாதி வேலை

அந்த மக்காச்சோளம் வெள்ளையம்மாள் அக்காவுடையது. ஊர் அபிராமத்துக்குப் பக்கத்தில்தான். பெயரைச் சொன்னால் எங்க ஊரை ஏன் இழுத்தாய் என்று சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். அக்காவுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். வானத்தை நம்பி வருஷத்துக்கு ஒரே ஒரு வெள்ளாமை. அந்த வருஷம் வானமும் ஏமாற்றவில்லை. கதிர் முற்றிக்கொண்டு வருகிற நேரம் பார்த்துப் பன்றிக் கூட்டம் புகுந்துவிட்டது. தின்றது கொஞ்சம், மிதித்துச் சாய்த்ததுதான் அதிகம். பொங்கலுக்கு முன்னால் மிச்சக் கதிரையாவது ஒடித்து வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதுவரைக்கும் எப்படியாவது காப்பாற்றிக் கொடுங்கள் என்றுதான் அக்கா எங்களிடம் வந்தார். அது போனால் அந்த வீட்டுக்கு அடுத்த மழைவரைக்கும் வேறு எதுவும் கிடையாது.

மார்கழிப் பனியில், பலபலவென்று விடிகிற நேரத்தில் வரப்போரம் உட்கார்ந்திருந்தோம். சார் கையில் துப்பாக்கி, பக்கத்தில் நான், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் பின்னால் வெள்ளையம்மாள் அக்கா. கூட்டம் வந்தது. அதில் பெரியதாக ஒன்று எங்களுக்கு நேராக நின்று கதிரை இழுத்தது. பயிற்சியில் அட்டைப் பன்றியின் நெஞ்சில் குறி தப்பாமல் சுடுகிற மனுஷன் எங்கள் சார். ஆனால் அட்டைப் பன்றிக்குக் கண் கிடையாதே! இது கடைசி நொடியில் திரும்பி அவரைப் பார்த்துவிட்டது. சார் கை ஆடிவிட்டது. டமார் என்று சத்தம், வீல் என்று ஒரு அலறல், பன்றி கருவேல முள்ளுக்குள் பாய்ந்து மறைந்துவிட்டது. அக்கா எழுந்து முந்தானையை உதறிக் கொண்டு கேட்டார், "என்ன சார் இது, பாதி வேலையில நிப்பாட்டிட்டீக? இப்ப அது பாவமா, நான் பாவமா?"

வரப்பில் டீ

காயம்பட்ட விலங்கின் பின்னால் உடனே ஓடக் கூடாது. துரத்தினால் அது பயத்தில் ஊர் தாண்டிப் போய்விடும். விட்டுவிட்டால் பக்கத்திலேயே எங்காவது படுத்துக்கொள்ளும். அதனால் கொஞ்ச நேரம் சத்தம் போடாமல் காத்திருக்க வேண்டும். இதைச் சாரும் படித்திருக்கிறார், நானும் படித்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் யாரும் படிக்கவில்லை. வெடிச் சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள், வனத்துறை வரப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

சாருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. "எங்க கிடந்து துடிக்குதோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கொண்டு வந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார், மறுபடி கட்டினார். நான் அவர் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன், எனக்குப் பசித்தால் எதுவும் ஓடாது. அந்த வழியாகச் சைக்கிளில் பால் கொண்டு போனவரிடம் டீ வாங்கிவரச் சொன்னோம். நல்ல மனுஷன், வாங்கியும் வந்தார். தூக்குச்சட்டியை நீட்டிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "குண்டடி பட்டது ஓடிக்கிட்டுக் கிடக்கு, சுட்டவுக உக்காந்து டீ குடிக்கிறீக. இம்புட்டு நிதானம் கவருமெண்டுக்குத்தான் வரும்."

மசாலா அரைத்த படை

தேடக் கிளம்பினபோது எங்களோடு ஒரு படையே வந்தது. கம்பு, அரிவாள், சாக்கு, ஒருவர் கையில் அன்னக்கூடைகூட இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. பாருங்கள் சார், ஒரு வாயில்லா ஜீவன் துடிக்கக் கூடாது என்று ஊரே திரண்டு வந்திருக்கிறது என்றேன். சாருக்குக் கண் கலங்கிவிட்டது. முள்ளுக்குள் போவதற்கு முன்னால் நன்றி சொல்லி இரண்டு வார்த்தை பேசலாம் என்று ஒரு மேட்டில் ஏறி நின்றார்.

பேசினவர் நன்றியோடு நிறுத்தியிருக்கலாம். "பன்னி கிடைச்சதும் யாரும் தொடக் கூடாது, துறை விதிப்படி குழி வெட்டிப் புதைச்சிரணும், குழி வெட்டுறதுக்கும் உங்க ஒத்துழைப்பு வேணும்" என்று சொல்லி முடித்தார். முதலில் அன்னக்கூடை காணாமல் போனது. அப்புறம் சாக்கு. ஒருவருக்குக் கண்மாய்க்குத் தண்ணி பாய்ச்சப் போகணும் என்று ஞாபகம் வந்தது. கண்மாயிலிருந்துதான் வயலுக்குத் தண்ணி பாயும், கண்மாய்க்கு யாராவது தண்ணி பாய்ச்சுவார்களா, நீங்களே சொல்லுங்கள்! சார் மேட்டிலிருந்து இறங்கி வருவதற்குள் நானும் அவரும் மட்டும்தான் மிச்சம். கடைசியாகப் போனவர் மட்டும் நியாயஸ்தர், நின்று காரணம் சொல்லிவிட்டுப் போனார். "கறி கிடையாதுன்னு முதல்லயே சொல்ல வேணாமா மேடம்? வீட்டுல மசாலா அரைச்சு வச்சிட்டுக் காத்துக்கிட்டு இருக்கா, இப்ப நான் எந்த மூஞ்சியோட போவேன்?"

சிவப்புச் சொட்டு

அன்றைக்கும் கிடைக்கவில்லை, மறுநாளும் கிடைக்கவில்லை. கருவேல முள் என் சட்டையில் பாதியை வாங்கிக்கொண்டது. வெள்ளையம்மாள் அக்கா தினமும் காலையில் வரப்பில் நின்று, "என்ன, இன்னைக்காவது கிடைக்குமா, இல்ல பொங்கலுக்கு இங்கனயே பானை வைக்கிறீகளா?" என்று கேட்டுவிட்டுப் போவார். சார் சாப்பாட்டைத் தொடுவதே இல்லை. நியாயம்தானே. அங்கே ஒரு உயிர் வேதனையில் கிடக்கிறது. இங்கே ஒரு பெண்ணின் வருஷத்து வெள்ளாமை நிற்கிறது. இதை முடிக்காமல் அதைக் காப்பாற்றத் துப்பாக்கி தூக்க மாட்டேன் என்று இவர் சத்தியம் பண்ணி வைத்திருக்கிறார்.

மூன்றாம் நாள் சார் வண்டிப்பாதையில் குனிந்து, "ரத்தம்!" என்று கத்தினார். கரிசல் மண்ணில் சிவப்புச் சொட்டு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. வெயிலில் காய்ந்த ரத்தம் கறுத்துப் போகும் சார், இது பளிச்சென்று இருக்கிறதே என்றேன். கேட்டால்தானே? துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு சொட்டுக்குச் சொட்டு பதுங்கிப் பதுங்கிப் போனார். சொட்டு வாய்க்காலைத் தாண்டியது, தெருவுக்குள் நுழைந்தது, டீக்கடை பெஞ்சுக்கு முன்னால் போய் முடிந்தது. பெஞ்சில் ஆட்டுக்காரர் சோலைமலை வாய் நிறைய வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தார். எதிரே துப்பாக்கியைப் பார்த்ததும் மனுஷன் எழுந்து கையைத் தூக்கிவிட்டார். விஷயத்தைச் சொல்லி, காயம்பட்ட பன்றியைத் தேடுகிறோம் என்றதும்தான் கையை இறக்கினார். "பன்னியா? அது அன்னைக்கே அய்யனார் கோயில் காட்டுக்குள்ள போயிப் படுத்துருச்சே. நீங்க அதைத் தேடுறீகன்னு எனக்கென்ன தெரியும், வாக்கிங் போறீகன்னுல்ல நெனச்சேன்!"

அடைக்கலம்

ஊருக்கு மேற்கே அய்யனார் கோயில் காடு. வேம்பும் உசிலையும் அடர்ந்து கிடக்கும், உள்ளே வரிசையாக மண் குதிரைகள். அந்தக் காட்டில் ஒரு குச்சி ஒடிக்க மாட்டார்கள். செருப்போடு போக மாட்டார்கள். உள்ளே புகுந்த உயிரை, பாம்பாகவே இருந்தாலும் அடிக்க மாட்டார்கள். பூசாரி வேளார் எல்லைக் கல்லுக்கு முன்னால் கையை விரித்து நின்றுவிட்டார். கம்பும் அரிவாளுமாக எங்களோடு கிளம்பின அதே ஊர் அவருக்குப் பின்னால் நின்றது. அய்யனாரிடம் அடைக்கலம் புகுந்ததைத் தொட விடமாட்டோம் என்கிறார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. என் சட்டையைப் பாருங்கள், கையைப் பாருங்கள், இதையெல்லாம் அந்த முள்ளுக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று நன்றாகவே கேட்டேன்.

சார் கோபப்படவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தணிந்த குரலில் பேசினார். "வேளாரே, அதைச் சுட்டது நான். அது உள்ள குண்டோட கிடந்து அழுகி, புழு வச்சு, ஒரு மாசம் துடிச்சுச் சாகும். அடைக்கலம்னா காப்பாத்தணும். துடிக்க விட்டு வேடிக்கை பாக்குறதுக்குப் பேரு அடைக்கலமா? உங்க அய்யனார் அதுக்குச் சம்மதிப்பாகளா, நீங்களே சொல்லுங்க." வேளார் திரும்பிக் காட்டைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், நெற்றி விபூதியைத் துடைத்துக்கொண்டார். வெள்ளையம்மாள் அக்கா மட்டும், "இன்னைக்கே போகணுமா? நாளைக்கு மறுநா போனா என்ன?" என்று முனகினார். தினமும் எங்களை விரட்டின அக்காவா இப்படிப் பேசுகிறார் என்று எனக்கு ஆச்சரியம். கடைசியில் வேளார் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். "நீங்க சொல்றது நாயந்தான் சார், முடிச்சு விட்டுருங்க. ஆனா அய்யனாரு சைவம். அவுக கண்ணுல மட்டும் படாமப் பாத்துக்கணும்."

சாமிக்குக் காது

கண்ணில் படாமல் இருக்க வழி இருக்கிறது. கருப்பருக்குக் கிடா வெட்டும்போது பக்கத்தில் இருக்கிற அய்யனாருக்குக் குறுக்கே ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டிவிடுவது அந்த ஊர் வழக்கம். இதற்கும் அதே வேட்டி போதும் என்று வேளார் சொல்லிவிட்டார். பிரச்சினை அங்கே இல்லை. அரிவாள் சத்தம் போடாது, துப்பாக்கி போடுமே! கண்ணுக்குத் திரை கட்டலாம், காதுக்கு எதைக் கட்டுவது? கொட்டு அடிக்கலாம் என்றார் ஒருவர். கொட்டுச் சத்தத்துக்குப் பன்றி மிரண்டு என் மேல்தான் பாயும் என்றேன். சாமிக்குப் பஞ்சு வைக்கலாமா என்று யாரோ கேட்டு, வேளாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அப்போதுதான் மைக் செட் பாண்டி வந்தார். மார்கழி மாதம் முழுக்க விடியற்காலையில் ஊர்க் கோயிலில் பாட்டுப் போடுகிறவர். அந்தச் சத்தம் காட்டுப் பன்றிக்கும் பழக்கம், அய்யனாருக்கும் பழக்கம். காலைப் பாட்டு ஓடுகிற நேரத்தில் சுட்டுவிட்டால் வெடிச் சத்தம் பாட்டோடு பாட்டாகப் போய்விடும் என்று முடிவாயிற்று. அடுத்தது யார் சுடுவது? சார் தன் கையை நீட்டிக் காட்டினார், இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அப்படியானால் நான்தான். குதிரைகளுக்கு அந்தப் பக்கம் பொம்பளைகள் போகிறதில்லையே என்று ஒருவர் இழுத்தார். வேளார் என்னை ஒருதரம் பார்த்து, "காக்கிக்கு ஏதுய்யா ஆம்பளை பொம்பளை, செருப்பைக் கழட்டிட்டு வரட்டும்" என்று அதையும் தீர்த்துவைத்தார். எல்லாம் பேசி முடித்து எழுந்திரிக்கும்போது பாண்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ரகசியமாகக் கேட்டார், "மேடம், எந்தப் பாட்டுக்குச் சுடுவீகன்னு மட்டும் சொல்லுங்க, அதை ரெண்டு தடவை போட்டு விடுறேன்."

உள்ளே

மறுநாள் காலை, பாட்டு ஊரைத் தூக்கிக்கொண்டு போகிறது. அய்யனாருக்கு முன்னால் வெள்ளை வேட்டி ஆடுகிறது. நான் வெறுங்காலோடு துப்பாக்கியைப் பிடித்தபடி குதிரைகளுக்கு நடுவில் போகிறேன், பின்னால் சார் நொண்டி நொண்டி வருகிறார். அடடா, பூட்ஸின் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். காயம்பட்ட பன்றி பாய்ந்தால் தொடையைக் கிழித்துவிடும். எனக்குப் பயம் அது மட்டுமில்லை. நாலைந்து நாள் வேதனையில் கிடந்த ஒன்றின் முகத்தை எப்படிப் பார்க்கப் போகிறேன் என்பதும்தான். கடைசிக் குதிரைக்குப் பின்னால் ஈர மண்ணில் அது கிடந்தது.

எங்களைப் பார்த்ததும் எழுந்தது. நாலு காலையும் ஊன்றித்தான் எழுந்தது. தோளுக்கு மேல் ஒரு கோடு மாதிரித் தோல் கிழிந்து, அதன் மேல் சேற்றை அப்பி வைத்திருந்தது. குண்டு உள்ளே போகவே இல்லை, உரசிக்கொண்டு போயிருக்கிறது. அதுவா அழுகுகிறது? வாயில் முழுசாக ஒரு மக்காச்சோளக் கதிர்! மொறுக் மொறுக் என்று மென்றுகொண்டே எங்களை முறைத்தது. சார் என் காதுக்குள், "சுடும்மா" என்றார், "வேணாம் வேணாம்" என்றார், மறுபடி "சுடும்மா" என்றார். நான் குறியை எடுக்கவில்லை, யோசித்தேன். பயிரில் நிற்கிறதைச் சுடத்தான் உத்தரவு, இது பயிரில் நிற்கவில்லை. துடிக்கிறதை முடிக்கத்தான் வேளார் வழிவிட்டார், இது துடிக்கவும் இல்லை. அப்புறம் எதற்காகச் சுடுவேன்? துப்பாக்கியைத் தாழ்த்தினேன். பின்னோக்கியே நடந்து எல்லைக் கல்லுக்கு வந்து, கால்நடை டாக்டருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன், கால் முள்ளையும் சேர்த்து. "திங்குது, நாலு கால்ல நிக்குது, உங்களையும் முறைக்குதா? அப்ப அது நல்லா இருக்கு மேடம். நீங்கதான் வந்து ஒரு டி.டி. ஊசி போட்டுக்கங்க."

தோல் உரித்த கதிர்

வெளியே ஊரே காத்து நின்றது. வெடிச் சத்தம் கேட்டதாகவே இரண்டு பேர் சத்தியம் பண்ணினார்கள். சுடவில்லை, அதற்கு ஒன்றுமில்லை என்று சார் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கல்யாண வீட்டு மாப்பிள்ளை கெட்டான்! எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டே இருந்தது. பன்றி கதிரைத் தோகையோடுதான் கடிக்கும், உரித்துத் தின்னாது. உள்ளே பூவரச இலையைப் பரப்பி, அதன் மேல் உரித்த கதிரை யாரோ அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்திருந்தேன். யார் வைத்தது என்று கேட்டேன். "சாமிக்கே நான் வெறும் பொங்கல்தான் வைக்கிறேன், என்னையப் பாக்காதீக" என்றார் வேளார். அந்தப் பக்கத்தில் மக்காச்சோளம் நிற்பது ஒரே ஒரு வயலில்தான். எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பின.

வெள்ளையம்மாள் அக்கா முதலில் எங்கேயோ பார்த்தார். அப்புறம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஆமா, நாந்தேன்" என்றார். சுட்ட அன்றைக்குச் சாயந்தரமே கோயிலில் விளக்குப் போட வந்தபோது பார்த்துவிட்டாராம், குதிரைக்கு இந்தப் பக்கம் நின்றபடியே கதிரை எட்டி வைத்தாராம். சார் அக்காவுக்கு நேராக வந்து நின்றார். தெரிஞ்சுக்கிட்டேவா எங்களை நாள் கணக்கா முள்ளுக்குள்ள அலைய விட்டே என்று கேட்டார். "நீங்க அலைஞ்ச சத்தத்துலதானே சார் மத்த பன்னி ஒண்ணும் வயப்பக்கம் எட்டிப் பாக்கல! கண்டுபிடிச்சுட்டா ஆபீசுக்குப் போயிருவீகளே!" என்றார் அக்கா. உண்மைதான். துப்பாக்கி காப்பாற்றாத மக்காச்சோளத்தை எங்கள் தேடல் காப்பாற்றியிருக்கிறது. அதெல்லாம் சரி, உன் பிழைப்பைக் கெடுத்த பன்றிக்கு உன் கதிரையே ஏன் போட்டாய் என்று சார் விடாமல் கேட்டார். அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எல்லையத் தாண்டி என் வயல்ல கால வைக்கட்டும், நானே போன் போட்டு உங்களைக் கூப்பிடுறேன், வந்து சுடுங்க. அங்கன நின்னு தின்னா அது களவாணி. அய்யனாரு வாசல்ல வந்து விழுந்துட்டா விருந்தாளி சார். விருந்தாளிக்குத் தோலோடயா போடுவாக?"

கடைசித் தடம்

பொங்கலுக்கு முன்னால் கதிர் ஒடிப்பு முடிந்தது. மசாலா அரைத்த படை முழுக்க வந்து ஒடித்துக் கொடுத்தது, இந்தத் தடவை அன்னக்கூடைக்கு வேலை இருந்தது. களத்தில் மஞ்சள் மஞ்சளாகக் கதிர் குவிந்து கிடக்க, அக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், சும்மா சும்மா ஒரு கதிரை எடுத்துப் பார்த்துச் சிரித்தார். வீட்டில் எங்களுக்குச் சோறு போட்டார். சார் மூன்று தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டார். எத்தனை நாள் பட்டினி அது! எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, ரகசியமாக இடுப்பு பெல்ட்டில் ஒரு ஓட்டை தளர்த்திக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முன்னால் வயலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மூன்று பேரும் நடந்தோம். முந்தின நாள் தூறல் போட்டிருந்தது, கரிசல் பதமாக இருந்தது. கோயில் காட்டுப் பக்கமிருந்து தடம் வந்தது. வயலுக்கு நட்டநடுவில், தட்டையை மிதித்துக்கொண்டு, கண்மாயைப் பார்த்து நேராகப் போயிருந்தது. நாலு காலும் ஒன்றுபோல் அழுத்தமாக ஊன்றின தடம், நொண்டல் என்பதே இல்லை. பிளந்த குளம்பு எனக்கே தெரியும்போது சாருக்குத் தெரியாதா? நான் அக்காவைப் பார்த்தேன். போன் இடுப்பில்தான் சொருகி இருந்தது, அதை எடுக்கிற வழியைக் காணோம். பேச்சுக் கொடுத்துக்கொண்டே தடத்தின் மேல் ஏறி நின்று, மெதுவாகக் காலால் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தார். ஒன்றை அழித்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார். நான் பார்ப்பதைப் பார்த்ததும் நிமிர்ந்து, முகத்தில் ஒரு சலனம் இல்லாமல் சொன்னார், "நாய்த் தடம் மேடம். ஊர்ல நாய் பெருத்துப் போச்சு." சார் குனிந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஆமாம்மா," என்றார், "நல்லா வளர்ந்த நாய்."

காயம்பட்ட விலங்கை எப்போது சுட வேண்டும், எப்போது விட வேண்டும் என்று பயிற்சியில் எங்களுக்கு விலாவாரியாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், எப்போது அதை நாய் என்று சொல்ல வேண்டும் என்பது மட்டும் அந்தப் பாடத்தில் விட்டுப்போயிருந்தது.